பெட்டி வாங்கப் போன பிற்பகல்

கொட்டாஞ்சேனையில் வெயில் கொதிக்கிறது. மதுரையிலிருந்து கடல் தாண்டி இங்கே பாடம் நடத்த வந்த எனக்கு இன்னும் இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பலாமென்று பெட்டி வாங்க வந்திருக்கிறேன். கடை திறந்து கிடக்கிறது. கடைக்காரர், இங்கே எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன், தரையில் பாய் விரித்து அயர்ந்து தூங்குகிறார். காவலுக்கு யாருமில்லை. எனக்குத்தான் பதற்றம்.

“நோன்பெல்லோ, விடியமுன்னமே எழும்பினவர்,” என்கிறார் பக்கத்துக் கடை அம்மா. “அவசரமெண்டா எழுப்பட்டே?”

வேண்டாமென்று ஸ்டூலில் உட்காருகிறேன். எழுந்து வாசல்வரை போகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன்.

யாரோ கூப்பிடுகிறார்கள். கண் விழித்தால் தெருவில் விளக்குகள் எரிகின்றன. சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

“மிஸ், பாங்கு சொல்லிட்டாங்க, நோன்பு திறக்கிற நேரம்,” என்று நானா கஞ்சிக் கோப்பையை நீட்டுகிறார். “நல்ல தூக்கம், அதான் இவ்வளவு நேரமும் எழுப்பல்ல.”