‘எல்லாம் என் நேரம்’ என்று சொன்னவர்

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களை ஏலம் போட்டபோது என் வீட்டுக்காரரும் ஒன்றை எடுத்தார். மளிகைக் கடைகளில் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் ஆர்டர் பிடிப்பது அவர் வேலை. காலையில் எட்டயபுரம், சாயங்காலம் குலசேகரன்பட்டினம் என்று பறந்துகொண்டிருந்தார். அந்த வண்டியை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அது வீடு திரும்பும் சத்தம் மட்டும் பிடிக்கும்.

ஒருநாள் அந்தச் சத்தம் வரவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டைக் கிராமத்துக்கு இந்தப் பக்கம், மாட்டு வண்டியை முந்திக்கொண்டு எதிரே வந்த உப்பு லாரி ஒன்று, தன் பாட்டுக்கு இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்த இவர்மேல் ஏறிவிட்டது. உயிர் தங்கியது. வலது முழங்கால் நொறுங்கிப்போனது. எலும்பைச் சேர்த்துக் கட்டிய டாக்டர், இந்தக் கால் இனி மடங்காது, கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வண்டி ஓட்டாவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் என் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்க வேண்டும். எங்களுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு.

லாரி முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்தார். உப்பளமும் நாலைந்து லாரியும் உள்ளவர். கையில் ஒரு சீப்பு மலைப்பழத்தோடு கட்டிலருகே நின்று கண்கலங்கினார். நல்ல மனுஷர்தான், அதுதான் வினை. அவர் நிற்பதைப் பார்க்க என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“ஏளா, அண்ணாச்சிக்கு நாற்காலிய எடுத்துப் போடு” என்றார் என்னிடம். பிறகு அவரைப் பார்த்து, “நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி? எல்லாம் என் நேரம்” என்றார்.

கால் உடைந்து கிடப்பவர் ஆறுதல் சொல்கிறார், உடைத்த லாரியின் முதலாளிக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் தேடி வந்தவரை வெறுமனே அனுப்ப முடியுமா? காபி வாங்கிக் கொடுத்தேன்.

வீடு வந்து சேர்ந்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து அடுப்படிக்கு. தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டால் கையிலிருக்கிற அகப்பையோடு வெளியே ஓடுவேன், ஓடிப்போய் என்ன செய்ய நினைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கோர்ட்டுப் படி ஏறின குடும்பம் விளங்காது என்று மாமியார் வீட்டில் சத்தம் போட்டார்கள். படி ஏறாமலே என்ன விளங்கிவிட்டது என்று கேட்டுவிட்டு, நானே வக்கீலைத் தேடிப் போனேன்.

வக்கீல் பொறுமையாகச் சொன்னார். “டிரைவர் செஞ்ச தப்புக்கு முதலாளிதாம்மா பொறுப்பு. வைத்தியச் செலவு, போன வருமானம், பட்ட வலி, எல்லாத்துக்கும் நஷ்ட ஈடு கேக்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும்.”

“வலிக்குமா ரூவா உண்டு?” என்று கேட்டேன். உண்டு என்றார். பிள்ளை பெற்றவளுக்கே சுக்குக் கஷாயத்துக்கு மேல் எதுவும் கிடைக்காத ஊரில் இப்படியொரு சட்டம் இருக்கிறதா என்று மலைத்துப்போனேன். “ஆனா ஒண்ணு. தப்பு லாரி மேலதான்னு உங்க வீட்டுக்காரர் வாயால சொல்லணும்” என்றார் வக்கீல்.

அங்கேதான் சிக்கல். “மனுசன் வந்து நின்னு கண்ணீர் விட்டுட்டுப் போனாவளே, அவிய மேல கேஸா? நாளைக்கு மூஞ்சில எப்பிடிளா முழிக்க?” என்றார் இவர்.

“மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா ஒல கொதிக்குமா?” என்றேன். என் வாய்க்குப் பயந்து கையெழுத்துப் போட்டார். ‘தப்பு லாரி மேலதான்’ என்ற அந்த வார்த்தையைச் சொல்லுவேன் என்று மட்டும் சொல்லவில்லை.

பிறகு வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் எனக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஒருவழியாக விசாரணை வந்தது. எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் பட்டும் படாமலும் பதில் சொல்லிவிட்டு, கூண்டில் கம்பை ஊன்றி நின்றவரிடம் முதலாளியின் வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஆஸ்பத்திரியில வச்சு, எல்லாம் என் நேரம்னு சொன்னீரா?”

“சொன்னேன்.”

கோர்ட்டுக் குமாஸ்தா அதை எழுதிக்கொள்வதற்காக இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் உண்டு. ‘தவறு என்னுடையதே’ என்று திருப்பியிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனுஷன் மரியாதையால் கெட்டார்.

அடுத்து நான் ஏறினேன். “அவர் அப்படிச் சொன்னதை நீயும் கேட்டாயா?” என்றார் அதே வக்கீல். கேட்டேன் என்றேன். “அப்போ தவறு அவர் மேல்தான் என்று உனக்கும் தெரியும்?”

என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகத் திறந்துகொண்டது. “இப்பம் இருக்க ரெண்டுக்கும் முந்திப் பொறந்த எங்க மூத்த பிள்ளை அம்மை போட்டுச் செத்துப்போச்சு. அதத் தூக்கிக்கிட்டுப் போம்போதும் இவிய, எல்லாம் என் நேரம்னுதான் சொன்னாவ. அப்பம் பிள்ளையக் கொன்னது இவியளா? அதையும் சேத்து எழுதிக்கிடுங்க.”

ஜட்ஜ் தமிழ்க்காரர்தான். அந்த வார்த்தையை அப்படியே ‘நேரம்’ என்று எழுதச் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பி, “நீரே சொல்லும். லாரி எப்படி வந்தது?” என்றார்.

எதிர் பெஞ்சில் முதலாளி உட்கார்ந்திருந்தார். இவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை ‘நேரம்’ என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

“அண்ணாச்சி” என்று ஜட்ஜை விட்டுவிட்டு அவரைத்தான் கூப்பிட்டார். “நான் என் ஓரத்துலதான் வந்தேன். ஒங்க லாரிதான் எம்மேல வந்து ஏறுச்சு. இனிமே எனக்குப் பொழப்பு இல்ல, அண்ணாச்சி.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். பல மாசம் கழித்துத் தீர்ப்பு எங்கள் பக்கம் ஆனது. கேட்டது முழுசும் கிடைக்கவில்லை, ஒரு சின்னக் கடை வைக்கிற அளவுக்குக் காணும். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கத்தான் நான் அத்தனை நாள் அலைந்தேன். ஆனால் என் புருஷன் இன்னொருத்தர் முன்னால் அப்படிக் குரல் உடைந்து நின்று அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு விசாரணை முடிந்ததுமே, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் அழுதேன்.