சகாயம் டீச்சரின் கீரனூர் கிட்டார்

செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். சகாயம் டீச்சரின் வீட்டுக்காரர் ஜெரால்டு சார் போன் செய்ததாகவும், டீச்சர் காலையில் அடுப்படியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டதாகவும் சொன்னார். சரி என்றேன். கரும்பலகையில் பாதி வரைந்திருந்த இலையின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து முடித்து, பாகங்களைக் குறித்தேன். பக்கத்து வகுப்பு அவளுடையது. டீச்சர் வராததால் பிள்ளைகள் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். போய் அதட்டிவிட்டு வந்து மிச்சப் பாடத்தையும் நடத்தினேன். மணி அடித்த பிறகு கை கழுவப் போனேன். சாக்பீஸ் தூள் போன பிறகும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தேன் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அழவில்லை. இதை எழுதும் வரைக்கும் அழவில்லை.

இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதிப் பார்த்தேன், யாரையோ பற்றி எழுதுவது போலிருந்தது. நாங்கள் ஒரே வயது, ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

துக்கத்துக்கு அவள் வீட்டில் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, வந்தவர்களில் பாதிப்பேர் கிட்டாரைப் பற்றித்தான் பேசினார்கள். கோயிலில் பாடகர் குழுவோடு உட்கார்ந்து, குனிந்து, முகவாயைக் கிட்டார் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அவள் வாசிப்பதைத் திண்டுக்கல்லில் உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். என்ன ஸ்டைல் என்று ஒருவர் சொன்னார். ஜெபம் பண்ணிக்கொண்டே வாசிப்பார்கள் என்றார் இன்னொருவர். ஜெரால்டு என் பக்கம் பார்த்தார்.

“இனிமே சொல்லிரலாம் டீச்சர்” என்றார். “இனிமே அவள வேலைய விட்டு யாரு எடுக்கப் போறா?”

அவர் சொன்னதால் சொல்கிறேன். சகாயத்துக்கு இடது காது கேட்காது. வலது காதும் மங்கிக்கொண்டே வந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியது அது. காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு இறுகி வருகிறது என்றார் மதுரை டாக்டர். ஆபரேஷன் செய்தால் கேட்கலாம், இருப்பதும் போகலாம் என்றார். அவள் செய்துகொள்ளவில்லை. காது மிஷினும் வைத்துக்கொள்ளவில்லை. காது கேட்காத கணக்கு டீச்சரை வகுப்பில் வைத்திருக்க மாட்டார்கள் என்று பயந்தாள். அந்தப் பயம் சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க நாங்கள் துணியவில்லை. பிள்ளைகளின் உதட்டைப் பார்த்தே பாடம் நடத்தினாள். கேள்வி கேட்பவர்கள் எழுந்து கரும்பலகைக்கு வர வேண்டும் என்று விதி வைத்தாள். கண்டிப்பான டீச்சர் என்று பெயர் வந்தது.

பள்ளியில் மறைக்க முடிந்ததைக் கோயிலில் மறைக்க முடியவில்லை. கோயிலுக்குச் சொந்தமான மரக்கிட்டாரை அவள்தான் பல வருடமாக வாசித்து வந்தாள். சுதி விலகுவது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. பாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். குழுப் பொறுப்பாளர், பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிரமப்படுகிறீர்களே, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று பதமாகச் சொல்லி, கிட்டாரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார். அவளும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த ஞாயிறு வரை யாரோடும் பேசவில்லை என்று ஜெரால்டு சொன்னார்.

எலக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்ற யோசனை அதற்குப் பிறகு வந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியை வலது காதுப் பக்கம் வைத்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டால் கேட்கும் என்று கணக்குப் போட்டாள். புதிது வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை. ஜெரால்டு பம்புசெட் உதிரிபாகம் விற்பவர். பழனிப் பக்கம் ஊர் ஊராகப் போவார். கீரனூரில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் பழைய எலக்ட்ரிக் கிட்டார் சும்மா தொங்குகிறது, கொடுக்கிற யோசனையில் இருக்கிறார் என்று வந்து சொன்னார்.

பார்க்கப் போக என்னைத்தான் கூப்பிட்டாள். எனக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாதே, சாரைக் கூட்டிப் போயேன் என்றேன்.

“அவரு வந்தா பாத்தவுடனே வாங்கிருவாரு. எனக்காக எதையும் நல்லாருக்குன்னு சொல்ற ஆளு. உனக்குச் சங்கீதம் தெரிய வேணாம் வசந்தா. காது இருந்தாப் போதும்.”

ஒரு சனிக்கிழமை போனோம். பஸ்ஸில் ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பூக்காடுகளைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள். விற்கிறவரை வாசித்துக் காட்ட விடக்கூடாது என்பது முதலாவது. “நல்லா வாசிக்கிறவரு கையில ஓட்டைக் கிட்டாரும் நல்லாத்தான் கேக்கும்” என்றாள். பழனியில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம்.

தோப்புக்காரர் பெயர் தண்டபாணி. ஒரு காலத்தில் பழனியில் இன்னிசைக் குழுவில் வாசித்தவர். இப்போது கல்யாண வீடுகளில் ஒரே கீபோர்டை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள், கிட்டாருக்கு ஆள் கூப்பிடுவதில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தேங்காய் விலை சொல்வது போலச் சொன்னார். கிட்டாரைத் துடைத்து எடுத்து வந்தார். சிவப்பு நிறம், ஓரங்களில் வண்ணம் உரிந்து மரம் தெரிந்தது. நாங்கள் போன நேரம் கரண்ட் இல்லை.

“ரெண்டு மணிக்கு வந்துருமுங்க. வந்தாத்தான பெட்டியில போட்டுக் கேக்க முடியும். அதுவரைக்கும் சும்மா வாசிச்சுக் காட்டட்டுங்களா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்று சகாயம் வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்துக்குப் போய் கிட்டாரைத் தோளுயரத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, கழுத்தின் நீளத்துக்குப் பார்த்தாள், பலகை கோணலா என்று தச்சர் பார்ப்பது போல. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை நகத்தால் தடவித் தேய்மானம் பார்த்தாள். தலைமுடியிலிருந்து ஸ்லைடை எடுத்துக் கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் காந்தத்தின் மேல் வைத்தாள், ஒட்டிக்கொண்டது. தலையாட்டினாள். பிறகு திருப்பிப் பார்த்தாள். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் அவள் நகம் நின்றது. ஒரு கோடு. பசை விட்டு அடைத்து, மேலே வண்ணம் பூசியிருந்தது.

தண்டபாணி பின்னால் நின்று ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் திரும்பவில்லை. மறுபடி சொன்னார். அவள் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயெடுப்பதற்குள் அவர் சுற்றி முன்னால் வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“மேடையில கீழ விழுந்துருச்சுங்க. சொல்லோணும்னுதான் இருந்தேன். சொல்லாம நின்னுட்டேன்” என்றார், நிறுத்தி நிறுத்தி.

போகலாம் என்று நான் அவள் கையைத் தொட்டேன். அவள் நகரவில்லை. கம்பிகளை முறுக்கிச் சுதி சேர்த்துத் தரச் சொன்னாள். விரிசல் பிடித்து நிற்குமா இழுபடுமா என்பது கம்பியின் இழுப்பில் தெரியும் என்றாள். அவர் சேர்த்துத் தந்தார். அதை மடியில் வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக அழுத்தி மீட்டினாள். எனக்குச் சின்னச் சத்தமாகக் கேட்டது. எங்காவது கம்பி கரகரக்கிறதா என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் இன்னும் குனிந்து, வலது காதை மரத்தின் மேல் வைத்தாள். அது சரிப்படாமல், தலையைத் திருப்பினாள். அப்போது முகவாய் கிட்டாரின் மேல் விளிம்பில் பட்டது. கை மீட்டிக்கொண்டிருந்தது.

அவள் நிறுத்திவிட்டாள். மறுபடி ஒரு கம்பியைத் தட்டினாள். முகவாயை எடுத்தாள், தட்டினாள். வைத்தாள், தட்டினாள். அப்படியே குனிந்து கிடந்தாள்.

தண்டபாணியின் முகம் சுருங்கியது. “என்னங்க, இன்னும் ஏதாச்சும் பழுதுங்களா?”

அவள் நிமிரவில்லை. அவர் வாயைப் பார்த்திருக்கவும் முடியாது. ஆனால் சொன்னாள்.

“கேக்குது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. “வசந்தா, எல்லாம் கேக்குது. மேல்கம்பி கேக்குது” என்றாள். ஒலி எலும்பு வழியாகவும் போகும் என்பதை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு நான் நடத்தியிருக்கிறேன். பரீட்சைக்கும் கேட்டிருக்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. மரக்கிட்டாரிலும் இப்படிக் கேட்டிருக்குமே என்று திரும்பி வரும்போது சொன்னேன். “கேட்டிருக்கும். குனியணும்னு தோணலையே” என்றாள்.

அதற்காக உடனே வாங்கிவிடவில்லை. அதுதான் சகாயம். முறுக்கிய கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, செத்த நேரம் போகட்டும் என்றாள். தண்டபாணியின் மனைவி எங்களைச் சாப்பிட வைத்தார். சோறும், தட்டப்பயறுக் குழம்பும், வெஞ்சனத்துக்குப் பீர்க்கங்காயும். சாப்பிடும்போது கரண்ட் வந்தது. பெட்டியில் இணைத்துச் சத்தக் குமிழைத் திருகினாள். நான் கரகரக்கிறது என்றேன். ஸ்பிரிட் விட்டுத் துடைத்தால் போய்விடும் என்று தண்டபாணி சொன்னார். அவள் முகவாயை வைத்துச் சுதி பார்த்தாள். இறங்கவில்லை. விரிசல் பிடித்து நின்றது. விலை பேசினாள், குறைத்தும் வாங்கினாள். விரிசல் விழுந்ததையா வாங்குகிறாய் என்று நான் பஸ்ஸில் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: “பழசுன்னா பழுது இருக்கும். எங்க இருக்குன்னு தெரிஞ்சு வாங்கணும், அம்புட்டுதான்.” மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரிடமும் ஏறக்குறைய இதையே சொல்வாள். எந்தக் கணக்கில் தடுமாறுகிறான் என்று தெரிந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்பாள்.

சில மாதம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். பிறகு ஒரு ஞாயிறு காலை பூசைக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனாள். கச்சேரிக் கிட்டாரைக் கோயிலுக்குள் கொண்டுவருவதா என்று சிலருக்கு மனத்தாங்கல். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளம்மா என்று மட்டும் சொன்னார் பங்குச் சாமியார். எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்கிறேன் சாமி என்று அவள் சொன்னதன் பொருள் அவருக்குத் தெரிந்திருக்காது. பெட்டியின் சத்தம் மற்றவர்களுக்கு. அவளுக்கு மரம் போதும். நான் அன்றைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் குனிந்தாள். குழுவின் சுதியோடு கிட்டார் சேர்ந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது என்றாலும், பாடுகிறவர்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் இடத்தை யாரும் கேட்கவில்லை.

கடைசி இரண்டு மூன்று வருடங்களில் வலது காதும் பெரும்பாலும் போய்விட்டது. பாடுகிறவர்களின் வாயைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். வாசிப்பு குறையவில்லை. வகுப்பும் குறையவில்லை. இறப்பதற்கு முந்தைய நாள்கூட, என் வகுப்பு சத்தம் தாங்கவில்லை என்று ஆசிரியர் அறையில் என்னிடம் குறைபட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சுவரில் சாய்ந்திருந்தேன் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அது கடைசிச் சிரிப்பு என்று தெரியாததால் சீக்கிரமே நிறுத்திவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். சவப்பெட்டியை வண்டியில் வைத்துக் கல்லறைக்கு நடந்தோம். எனக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது தெரிந்தது, செருப்பு கடித்தது தெரிந்தது. எதிரே வண்டி வந்தபோது எல்லோரும் இடப்பக்கம் ஒதுங்கினார்கள். நான் மட்டும் வலப்பக்கம் போய், பெட்டியை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். ஏன் அங்கே போகிறீர்கள் என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார்.

பல வருடம் அவளுக்குக் கேட்கும் பக்கமாகவே நடந்து பழகிவிட்டேன். இப்போது என் வீட்டுக்காரரோடு கடைத்தெருவுக்குப் போனாலும், மகளோடு பஸ் ஏறப் போனாலும், கால் தானாக அவர்களின் வலப்பக்கம் போய்விடுகிறது. யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், அவர்கள் திரும்பி என் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருக்கிறேன். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். அவளுடைய ஜெபமாலையையும் சேலைகளையும் ஜெரால்டு பிரித்துக் கொடுத்தார்; நான் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.