மட்கார்டில் உட்கார்ந்த கிளி

மச்சான் ஊரில் இல்லாத நாளில் அவருடைய சிவப்பு பைக்கை எடுத்துப் போய், ஆமத்தூர் அருகே விழுந்தேன். முன் மட்கார்டு முழுக்கக் கீறல். சொல்லப் பயந்து, பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்து, நானே பெயிண்ட் அடித்தேன். தூசி படியாமலிருக்க, நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் கழித்துப்போட்ட, கிளிப் படம் அச்சடித்த பட்டாசு லேபிள் தாளால் மூடினேன். காலையில் உரித்தால், ஈரப் பெயிண்டில் ஒட்டிய பச்சைக்கிளி மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து நின்றார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் குனிந்து கிளியையே பார்த்தார்.

"எங்க கம்பெனி ஸ்டாண்டுல அம்புட்டும் செவப்பு வண்டி மாப்ள. தெனமும் தேடித்தான் எடுக்கேன். பின்னாடியும் ஒரு கிளி ஒட்டிரு."

இருவரும் சேர்ந்தே ஒட்டினோம்.

விழுந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும், சரிதான். ஆனால் இந்தக் கிளி கிடைத்திருக்காது.