மேகத்துக்கு முன்னால் ஓடிய போயா நாள்

வெளிநாடுகளில் புயல் மேகத்தைத் துரத்துகிறவர்களுக்குச் சமவெளி இருக்கிறது. கண்டிக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேகம் ஒரு மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், அது கொட்டித் தீர்த்ததை அடுத்த ஊர்க்காரன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துப் பல வருடமாகிறது. லீவு நாளில் மஹய்யாவ வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால், மின்னல் இருக்கும் இடம் தேடிப் போய்ப் படம் பிடித்துவிட்டு, நனைந்த கோழியாகத் திரும்புவேன். யாரையும் கூட்டிப் போவதில்லை. கூப்பிட்டாலும் வர ஆளில்லை என்பது வேறு விஷயம்.

அன்று ஐப்பசிப் போயா, பௌர்ணமி லீவு. காலையில் வெயில் சுட்டது, மதியம் இடிமேகம் எழும்பும் என்று எனக்கு நல்ல நம்பிக்கை. பல்லேகலயில் விளையாட்டு மைதானத்தைத் தாண்டி ஒரு மேட்டில் நின்றேன். இந்தப் பக்கத்தில் அகலமாக வானம் கிடைக்கும் இடம் அதுதான். மதியம் கிழக்கு மலைகளுக்கு மேலே ஒரு மேகம் எழும்பியது. எழும்பி எழும்பி, உச்சி ரொட்டிக்கல்லைக் கவிழ்த்த மாதிரித் தட்டையாகப் பரவியது. அடிப்பக்கம் கறுத்தது. அப்படி ஒரு மேகத்துக்காக நான் வருடக்கணக்கில் காத்திருந்தேன். இரண்டு படம் எடுத்த பிறகுதான் அது எங்கே போகிறது என்று பார்த்தேன். நாவலப்பிட்டிப் பக்கம்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், என் அக்கா இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மலை. சில வருடங்களுக்கு முந்தின பெரிய மழையில் அதில் வெடிப்பு விழுந்திருந்தது. வானம் இருட்டினாலே எல்லாரும் கீழேயுள்ள பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று இந்த வருடம்தான் கிராம சேவகர் வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“எல்லாரும் எறங்கிட்டாங்க தம்பி. நாங்க வரல” என்றாள். “புள்ள மூலையில இருக்கா, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அவள் மகள் போன வாரம்தான் வயதுக்கு வந்திருந்தாள். வீட்டின் ஒரே அறையான காம்பராவின் ஒரு மூலையில் சீலைத் திரை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆண் கண் படக்கூடாது. அந்த நாளில் சீலை கொண்டுபோக வேண்டிய தாய்மாமன் நான், எனக்கும் அதே சட்டம்தான். மச்சானுக்குக் கொழும்பில் வேலை. இவர்கள் இருவரும் தனியாக அந்த மலைக்குக் கீழே.

“பள்ளிக்கூடம் பூரா ஆம்பளைங்க. அங்க கொண்டுபோய் எங்க ஒக்கார வைக்க?” என்றவள் போனை வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேராதனை, கம்பளை என்று ஓட்டினேன். மேகம் என் இடது தோளுக்கு மேலே கூடவே வந்தது. எத்தனையோ நாள் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு மின்னல்’ என்று மேகங்களிடம் கெஞ்சியவன் நான். அன்றைக்கு, ‘இங்கேயே பெய்து தொலை, அங்கே போகாதே’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். எனக்குப் பயமாக இருந்தது. கெமரா பையை விட்டு வெளியே வரவேயில்லை.

பள்ளிக்கூடத்தை அடையும்போது மழை பிடித்துவிட்டது. உள்ளே லயத்துப் பெண்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி, வேலைக்கு இடுப்பில் கட்டும் தடித்த துணியான படங்கை மூட்டையிலிருந்து உருவி உதறினாள்.

“இதுக்கா இந்த மழையில ஓடி வந்தீங்க? நாங்க மறைச்சுக் கூட்டிட்டு வந்துருவோம், வாங்க.”

நான்கு பெண்கள் நான்கு படங்குகளோடு என்னுடன் மேலே ஏறினார்கள். பாதையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அக்கா வாசலில் நின்றாள். படங்குகளைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் விடவில்லை.

“இரும்பு இல்லாம புள்ளய வெளிய எடுக்க ஏலாது.”

மூலையில் இருக்கும் பெண்ணுக்குக் காவலாக இரும்பு வைப்பது வழக்கம். அவள் வைத்திருந்தது தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அந்த நேரம் பார்த்து எதிர் மலையில் மின்னல் இறங்கியது. கையில் பிடிக்கிற இரும்பு மின்னலை இழுக்காது என்று நான் படித்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் படிப்பு கைகொடுக்கவில்லை. அந்தக் கத்தியைப் பிள்ளை கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“இரும்பு முன்னால போனா போதும்ல? என்கிட்ட குடு.”

கத்தியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பின்னால் நான்கு பக்கமும் படங்கு பிடித்த பெண்கள், நடுவில் பிள்ளை, கடைசியில் அக்கா. ஒவ்வொரு மின்னலுக்கும் என் தோள் தானாகக் குறுகியது. திரும்பிப் பார்க்கவில்லை. “கல்லு இருக்கு, பாத்து”, “வழுக்கும் புள்ள” என்ற குரல்களை வைத்தே எல்லாரும் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை மூலையில் அதே படங்குகளைக் கயிற்றில் கட்டித் திரையாக்கினார்கள்.

மழை விடியும்வரை விடவில்லை. காலையில் வெளியே வந்து பார்த்தால் மலை அப்படியே நின்றது. லயத்துக் கூரைத் தகரம்கூட அசையவில்லை.

“பாத்தியா? ஒன்னும் ஆகல. மேகத்த தொரத்தித் தொரத்தி ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சு” என்றாள் அக்கா. மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் படங்குத் திரைக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் குரல் வந்தது. தூக்கம் இன்னும் கலையாத குரல்.

“மாமா, மழ பேயுறப்ப நான் விடிய விடிய தூங்குனது இதுதான் மொதத் தடவ. வீட்டுல நானும் அம்மாவும் மல சரிஞ்சா ஓடன்னு செருப்பப் போட்டுட்டு ஒக்காந்தே இருப்போம்.”

இத்தனை வருடம் நான் மழை தேடி அலைந்த ராத்திரிகளெல்லாம் இவர்களுக்கு அப்படித்தான் போயிருக்கின்றன. அக்கா ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. இப்போதும் என் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போய், மலையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

“தண்ணி ஊத்துறத இங்கயே வச்சுக்குவோம்” என்றாள். “சீலைய இங்க கொண்டு வா தம்பி.”