சூளகிரியில் மாறிய சாவி

அன்று காலையில் எங்கள் காரில் முப்பத்தொரு சதவீதம் சார்ஜ்தான் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கார் சார்ஜுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கர்த்தர் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் கிரேஸ். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன், பள்ளிக்கூட டீச்சர். என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து சில வருஷமாக டயாலிசிஸ். தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். கோடையில் ஒரே ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய் அழுவேன். மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவருடைய சிறுநீரகம் கிடைக்கட்டும் என்று பெங்களூரில் பெயர் பதிந்து வைத்திருந்தோம். போன் எப்போது வேண்டுமானாலும் வரும், வந்தால் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு அலைவதற்காகத்தான் எலக்ட்ரிக் கார் வாங்கினோம். ஊருக்குள் ஓட்டுகிற வரைக்கும் அதைப் போலச் சௌகரியம் கிடையாது. வீட்டில் சொருகினால் காலையில் தயார்.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வாணியம்பாடியில் என் அக்கா புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் வைத்திருந்தாள். டயாலிசிஸ் முடிந்த கையோடு போய் மறுநாள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம். அந்தக் காரில் அதுதான் எங்கள் முதல் வெளியூர்ப் பயணம். புது வீட்டில் வாசலருகே இருந்த ஒரே ஒரு பெரிய பிளக் பாயிண்டில் காரைச் சொருகி வைத்தேன். சாயங்காலம் கேரல் குழு வந்தது. கீபோர்டுக்குக் கரண்ட் வேண்டும் என்றார்கள். நானே கார் வயரைப் பிடுங்கி இடம் கொடுத்தேன். பாட்டு, ஜெபம், கேக், டீ என்று வீடே களைகட்டியது. அவர்கள் போனதும் அக்கா வாசல் நட்சத்திரத்தை அதே பாயிண்டில் சொருகிவிட்டாள். நானும் கவனிக்கவில்லை. விடிய விடிய நட்சத்திரம் எரிந்தது, கார் சும்மா நின்றது.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"மேடம், கிட்னி ஒண்ணு வந்திருக்கு. பன்னெண்டு மணிக்குள்ள சார் இங்க இருக்கணும். தண்ணிகூட குடுக்காதீங்க."

இன்னொரு நோயாளியையும் வரச் சொல்லியிருப்பதாகவும், நாங்கள் வராவிட்டால் அவருக்குப் போய்விடும் என்றும் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. சிறுநீரகம் யாருக்காகவும் காத்திருக்காது.

அக்கா வீட்டுக்காரர் டாக்சி பிடிக்க ஓடினார். சபரிமலை சீசன், ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை. பஸ்ஸில் நின்று நின்று போனால் பன்னிரண்டு மணிக்குள் சேராது. கிருஷ்ணகிரியில் வேகமாக ஏறும் சார்ஜர் இருக்கிறது, அரை மணி நேரம் போட்டால் பெங்களூர் போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். போனில் பார்த்தேன், ஆப்பில் பச்சை விளக்கு காட்டியது. அதை நம்பிக் கிளம்பினோம்.

ஏ.சி.யை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினேன். கிருஷ்ணகிரியில் சார்ஜர் இருந்த ஓட்டலுக்குள் நுழைந்தால், அந்த மெஷின் செத்துக் கிடந்தது. திரையில் வெளிச்சமே இல்லை. ஆப்பில் மட்டும் இன்னும் பச்சை. காவலாளியைக் கேட்டேன். நாலு நாளாக இப்படித்தான் என்றார். அந்தப் பச்சையை நம்பி வந்த என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த சார்ஜர் சூளகிரிப் பக்கம் ஒரு ஓட்டலில். அந்த வழியெல்லாம் மேடு. மேட்டில் ஏறும்போது சார்ஜ் விறுவிறுவென்று இறங்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பதினான்கு, பன்னிரண்டு, ஒன்பது. சாமுவேல் பின்சீட்டில் படுத்திருந்தார். நான்தான் கர்த்தரிடம் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினேன். ஜெபத்தில் நான் கொஞ்சம் வாயாடி. இத்தனை வருஷம் காக்க வைத்து, போனையும் வரவைத்து, நடு ரோட்டில் நிறுத்துவீரா என்று கேட்டேன். ஒரே ஒரு கன் காலியாக இருக்கட்டும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்றேன். சார்ஜ் ஏற்றும் குழாயைத்தான் கன் என்பார்கள்.

அந்த ஓட்டல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். பாலத்துக்கு அடியில் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து சதவீதம். இரண்டு கன்னில் ஒன்று பழுது. இன்னொன்றில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கார் காத்திருந்தது.

இறங்கி நேராக வெள்ளைக் காரிடம் போனேன். தாடி வைத்த ஒருவர், நாற்பது வயது இருக்கும், மனைவியோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. கிட்னி, பன்னிரண்டு மணி, கொஞ்சம் எடுங்க என்று உளறினேன். அவர் பதறவில்லை. எங்கள் கார்க் கதவருகே போய்க் குனிந்து பார்த்தார். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாயை இணைத்த இடத்தில் சாமுவேலின் கை புடைத்திருக்கும். அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"எங்க அப்பாவும் இந்த போனுக்காகத்தான் காத்துட்டிருந்தாரு, சிஸ்டர். கடைசி வரைக்கும் வரல."

மணி பத்தரை ஆகப் போகிறது. கன்னை எனக்கே கொடுத்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், கிறிஸ்துமஸ் நெரிசலில் கர்நாடக எல்லையில் அத்திபெலே தாண்டவே நேரம் போய்விடும் என்று அவரே சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தங்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்து பைகளை இறக்கி வைக்க ஆரம்பித்தாள். எனக்கு முதலில் புரியவேயில்லை.

அவர் கன்னைப் பிடுங்கிவிட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"எண்பது இருக்கு. பெங்களூருக்குத் தாராளமா போதும். உங்க சாவியக் குடுங்க, நாங்க சார்ஜ் போட்டு அதுல போய்க்கிறோம். போங்க, நேரமில்ல."

அவர்களும் வாணியம்பாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு. என் பெயரை அவர் கேட்கவில்லை. போன் நம்பரைக்கூட நான்தான் ஞாபகம் வந்து கேட்டேன். இம்தியாஸ், சிவாஜிநகரில் துணிக்கடை என்றார். வண்டியை எப்படிக் கிளப்புவது என்று அந்த அம்மா காட்டிக்கொடுத்தாள்.

ஓசூர் தாண்டியதும் பயந்தபடியே ஆயிற்று. அத்திபெலேயில் வண்டிகள் அசையவில்லை. முன்பின் தெரியாதவர் காரில், அவருடைய ஜெபமாலை கண்ணாடியில் ஆட, நான் என் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் காலையிலிருந்து கன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது கிடைத்திருந்தால் இந்நேரம் சூளகிரியிலேயே நின்றிருப்பேன்.

ஊர்ந்து ஊர்ந்து, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி ஆட்கள் வாசலிலேயே சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், பொருத்தம் பார்த்தார்கள். அந்த முடிவு வரும்வரை நான் உட்கார்ந்த நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. எதிர்ப் பெஞ்சில் ஒரு பெண் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அந்த இன்னொரு நோயாளியின் மனைவி என்று பிறகு தெரிந்தது. பொருத்தம் சரி என்று சொல்லி சாமுவேலை உள்ளே கொண்டுபோனார்கள். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சிறுநீரகம் கொடுத்த வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சொல்லவும் மாட்டார்கள். அந்த வீட்டிலும் யாரோ என்னைப் போலவே முழங்காலில் நின்றிருப்பார்கள். அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. இதற்கு எனக்குப் பதில் தெரியாது, சகோதர சகோதரிகளே. தெரிந்த மாதிரி உங்கள் முன்னால் நடிக்கவும் மாட்டேன். ஒவ்வொரு ராத்திரியும் அந்த வீட்டுக்காகவும், கைப்பையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்காகவும் ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து இம்தியாஸ் பாய் எங்கள் காரை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். நூறு சதவீதம் ஏற்றியிருந்தார். எப்படி இருக்கிறார், ஆபரேஷன் எப்படிப் போனது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. டயாலிசிஸ் வீட்டில் இருந்தவர்கள் கேட்கிற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"யூரின் வருதா, சிஸ்டர்?"

"வருது, பாய்."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போதும் வெளியூர் போகிறோம். சார்ஜருக்கு வந்ததும் நான் முதலில் கன்னைப் பார்ப்பதில்லை, அங்கே நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். யாருக்காவது அவசரமா என்று கேட்டுவிட்டுத்தான் சொருகுகிறேன். சாமுவேல் சிரிப்பார்.

உங்களில் யாராவது இன்று வழி தெரியாமல் நின்றால், என்னைப் போலச் சண்டை போட்டாவது கேளுங்கள், கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் எந்தக் கதவு வழியாகத் தர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது தண்ணீரை யாரும் அளப்பதில்லை. காலையில் எழுந்ததும் சாமுவேல் ஒரு சொம்பு நிறைய, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடிக்கிறார். அடுப்படியில் நின்று நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.