மீதித் துணி

இப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் போனால் துணிப்பையில்தான் தாம்பூலம் கொடுக்கிறார்கள். கை நீட்டி வாங்கும்போதே எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிடுகிறது.

அத்தை குன்னம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டெய்லர் கடை வைத்திருந்தாள். ஜாக்கெட் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை எடுத்துப் போகச் சொல்லித்தான் பார்ப்பாள். "அத வச்சு என்ன பண்றது, நீயே வச்சுக்க" என்று போய்விடுவார்கள். மூட்டை மூட்டையாகச் சேர்ந்ததைக் கடைக்குப் பின்னால் கொளுத்துவோம். புகைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் கத்துவார்.

பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த புதிதில், அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டு அத்தை தாம்பூலப் பை தைத்தாள். அரியலூர் மண்டபத்தில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த எங்கள் தெருக்காரர் முந்நூறு பை கேட்டார். இது நிலைத்துவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். ஒரு மாதம் முதுகொடியத் தைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நிறம் பிரித்துக் கொடுத்தது நான். எந்தத் துண்டு யாருடையது என்பது எனக்கு மனப்பாடம்.

அதுதான் வினையாயிற்று. மண்டபத்து வாசலில் பை கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அவரவர் துணி உள்ள பையாகத் தேடித் தேடி நீட்டினேன். எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம், "இது உங்க தீபாவளி ஜாக்கெட்டு துணி!" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

பெரியம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன்டி, எந்துணிய எடுத்துத் தச்சு எனக்கேவா குடுக்குறா?"

பக்கத்தில் நின்றவளும் தன் பூப்போட்ட துணியைக் கண்டுபிடித்தாள். அளவுக்கு மேல் துணி எடுக்கச் சொன்னது இதற்குத்தானா என்று பந்தி வரைக்கும் பேச்சு போய்விட்டது. வேண்டாமென்று தள்ளியதெல்லாம் ஒரே முகூர்த்தத்தில் களவுப் பொருளாகிவிட்டது. அத்தை தூணோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு அவள் வெட்டி முடிக்கும்வரை ஆட்கள் பக்கத்திலேயே நின்றார்கள். விரலகலத் துண்டைக்கூட அவள் சுருட்டிக் கொடுத்தனுப்பினாள். பை கேட்டு அப்புறம் யாரும் வரவில்லை.

ஒருநாள், பெரியம்மா வாங்கிப்போன துண்டுகள் அப்படியே குப்பைமேட்டில் கிடந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாரிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"அத்தை, இது இப்ப யாருக்கும் வேணாமாம். பை தைக்கலாம்!"

அத்தை மெஷினை நிறுத்திவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். "எடுத்த எடத்துலயே போட்டுட்டு வா சாமி. யாராச்சும் பாத்தாங்களா?"

குப்பையை எடுத்ததற்குப் போய் அத்தை ஏன் அப்படிப் பயந்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.