வாப்பா ஃபோனில் சரிசெய்த கார்புரேட்டர்

சவூதியில் இருந்துகொண்டே பேட்டையில் எங்கள் வீட்டில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்தவர் எங்கள் வாப்பா என்று நாலாம் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நம்பாதவர்களோடு பேச்சை முறித்துக்கொண்டேன். அந்த வருஷம் எனக்குத் தோழிகள் குறைவு.

அது பழைய சீமை வண்டி. மலைமேல் எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்து, கைமாறிக் கைமாறி, வாப்பாவுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர், இரண்டு கார்புரேட்டர். எல்லாம் இரண்டிரண்டாக இருந்ததால் பழுதும் இரண்டிரண்டாகத்தான் வரும். கார்புரேட்டர்தான் காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே அளவில் கொடுத்தால் வண்டி நிதானமாக ஓடும். ஒன்று தாராளமாகவும் இன்னொன்று கஞ்சத்தனமாகவும் கொடுத்தால் இருமும், உதைக்கும், நின்றுவிடும். சவூதிக்குப் போகும் முன்பு, திரும்பி வந்ததும் மூன்று பேரும் அதில் பாபநாசம் அருவிக்குப் போவோம் என்று வாப்பா என்னிடம் சொல்லியிருந்தார். வண்டி இருந்தால் வாப்பா வருவார், வண்டி போனால் வரமாட்டார் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டவர் சாச்சா. வாப்பாவின் தம்பி. வண்டியைத் துடைக்கப்போனவர், கார்புரேட்டர்களில் இரண்டு ஸ்க்ரூக்கள் முழுசாக முடுக்கப்படாமல் இருப்பதைக் கண்டு, அண்ணன் மறந்துவிட்டார் போலும் என்று இரண்டையும் இறுக்கி முடுக்கிவிட்டார். லூசாக ஆடிய கேபிள் நட்டுகளையும் விடவில்லை. அத்தனை நல்ல மனசு. அன்றிலிருந்து வண்டி ஒரு நிமிஷம்கூடத் தொடர்ந்து ஓடவில்லை. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். முற்றத்தை அடைத்துக்கொண்டு இந்த இரும்பு எதற்கு, கேட்ட ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று சாச்சா ஃபோனில் நச்சரித்தார். வாப்பா வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமைதான் பேசுவார். கடைசியில் அவரும் மனமிறங்கி, அடுத்த வெள்ளி தானே ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சரிசெய்து பார்ப்பதாகவும், அப்போதும் ஓடவில்லையென்றால் கொடுத்துவிடும்படியும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சாச்சா வந்தார். கூடவே டவுனிலிருந்து ஓர் அண்ணாச்சி. பழைய வண்டிகளை வாங்கிச் சேர்ப்பவர். தெருவில் லோடு ஆட்டோவும் தயாராக நின்றது. வண்டி ஓடாது என்பதில் சாச்சாவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஃபோன் வந்தது. உம்மா ஸ்பீக்கரில் போட்டார். ஸ்க்ரூடிரைவர் யார் கையில் என்று வாப்பா கேட்க, சாச்சா முன்னால் வந்தார்.

"நீ தொட்டது போதும்லே. அங்கன தள்ளி நில்லு. அவ கையில கொடு."

வெளி ஆண்கள் வந்தால் உம்மா கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். சாச்சாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அண்ணன் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

முதலில் முற்றம் பெருக்கும் வாரியலிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு ஈர்க்குகளை ஒடித்துவரச் சொன்னார் வாப்பா. ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மேலும் கீழும் போய்வரும் சின்ன அடைப்பு ஒன்று உண்டு. அதன் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக ஈர்க்கைச் சொருக வேண்டும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இரண்டு அடைப்புகளும் உயரும், ஈர்க்குகள் விழும். முறுக்கும் வேலை எனக்கு.

"பைய முறுக்கு பிள்ள. ரெண்டும் சேந்தாப்புல விழுதா?"

விழவில்லை. இடது பக்கம் முந்திக்கொண்டது. உம்மா கேபிள் நட்டைத் தளர்த்தினார். இப்போது வலது முந்தியது. ஏழெட்டு முறை இப்படியே. அதன்பின் ஒரு முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். இரண்டு ஈர்க்குகளும் ஒரே நொடியில் தலைசாய்த்து விழுந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தனை பெரிய இரும்பு வண்டி இரண்டு வாரியல் குச்சிகளின் பேச்சைக் கேட்கிறதே!

பிறகு சாச்சா கிக்கரை உதைத்தார். வண்டி எழுந்த சத்தத்தில் வாப்பாவின் குரல் மூழ்கிப்போனது. உம்மா ஸ்பீக்கரை நிறுத்தி, ஃபோனை முக்காட்டுக்குள் வலது காதோடு சொருகிக்கொண்டார். இரண்டு கையும் வேலைக்கு. இடது காது எஞ்சின் பக்கம்.

"ம்... சொல்லுங்க... சரி."

துணியைச் சுற்றி ஒரு பிளக்கின் வயரைக் கழற்றினார். வண்டி ஒற்றைக் காலில் நொண்டியது. ஓடிக்கொண்டிருந்த பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினார். சத்தம் கம்மியது. வெளியே திருப்பினார். தடுமாறியது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் கையை நிறுத்தினார். எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு தெளிவாகப் பேச ஆரம்பித்தது. பிறகு அந்த வயரை மாட்டிவிட்டு மறுபக்கத்தைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். "ம்... அரை வேணாமா? சரிங்க, கால் சுத்துதான் வைக்கேன்" என்றார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. இத்தனை தூரத்திலிருந்து ஒரு மனிதர் தலைமுடி அளவு வித்தியாசத்தைக் காதால் கேட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் என் வாப்பா என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

கடைசியில் இரண்டு வயரும் ஏறின. அடித்துக்கொண்டிருந்த இரண்டு சத்தங்கள் ஒன்றையொன்று துரத்தி, நெருங்கி, ஒரே சத்தமாயின. நடுக்கம் நின்றது. இருமல் நின்றது. அண்ணாச்சி குனிந்து இரண்டு சைலன்சர்களின் பின்னாலும் உள்ளங்கையைக் காட்டினார். கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். வண்டி ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

"ரெண்டும் ஒரே மூச்சா விடுதுவே," என்றார் சாச்சாவிடம். "ஃபோன்ல பேசுத ஆளோட காதுக்குத் தங்கம் போடணும்."

உம்மா முக்காட்டுக்குள் தலையை மட்டும் ஆட்டினார். லோடு ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது. வாப்பாவிடம் பேச வேண்டும் என்று நான் ஃபோனுக்குக் கை நீட்டினேன்.

"அங்க இப்பதான் ஜும்ஆ. பள்ளிவாசலுக்குப் போயிட்டாவ," என்று சொல்லி உம்மா கரி படிந்த கையைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளி ஃபோன் வந்தபோது உம்மா கையில் மாவு. நான்தான் எடுத்தேன். வாப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"அன்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆன சத்தத்தோட ஃபோன் கார்டு தீந்து லைன் அத்துப்போச்சு பிள்ள. வாரம் பூரா தூக்கமில்ல. வண்டியைக் கொண்டுபோயிட்டாவளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி முற்றத்தில்தான் நிற்கிறது, நீங்கள்தானே கால் சுற்று, அரைச் சுற்று என்று சொல்லச் சொல்ல உம்மா திருப்பினார், தெருவே உங்கள் பேச்சாகத்தான் கிடக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுபடியும் கார்டு தீர்ந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"உம்மா அப்படியா சொன்னா?"

"ஆமா வாப்பா."

"ஆமா பிள்ள... நான்தான்," என்றார். உம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

உம்மா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து வாப்பா என்ன சொன்னாரோ, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு ஒரே வாரத்தில் மறந்துபோயிருக்கிறார் என்றால், அந்த ஊர் வெயில் மனுஷரை என்ன பாடு படுத்துகிறதோ என்று வாப்பாவை நினைத்து அன்று முழுவதும் வருத்தமாக இருந்தேன்.